பின்பலகையில் கசிந்த தண்ணீர்

என் முந்தைய படகின் பின்பலகை எண்ணூருக்கு நேரே, கடலில், இஞ்சினோடு சேர்ந்து விலகத் தொடங்கியபோது நான் செய்த ஒரே உருப்படியான காரியம், இஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்ததுதான். மற்றதையெல்லாம் மச்சான் பார்த்துக்கொண்டான். தூரத்துப் படகுக்குத் துண்டை ஆட்டி, கயிறு கட்டி, எங்களைக் கரைவரை இழுத்துவர வைத்தான். இறங்கியதும் ஒன்றே ஒன்று சொன்னான்.

"பலகைய என் கண்ணால பாக்காம இனிமே உன் போட்டுல கால் வெக்க மாட்டேன் மாமா."

அவன் வராவிட்டால் எனக்குக் கடல் இல்லை. வலையைப் பார்த்தால் இஞ்சினை மறப்பேன், இஞ்சினைப் பார்த்தால் வலையை மறப்பேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

குற்றம் என்னுடையதுதான். அந்தப் பழைய ஃபைபர் படகை அதன் நீல நிறத்துக்காக வாங்கினேன். இஞ்சின் மாட்டுகிற பின்பலகைக்கு வெளியே ஃபைபர், உள்ளே மரப்பலகை. போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டால் வெளியே மினுமினுக்கும், உள்ளே டீயில் முக்கியெடுத்த பொறை ரொட்டி. பலகை விலகிய அன்று முதல் எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கும் வியாதி வந்தது. வீட்டுக் கதவு, தர்பூசணி, கட்டில் கால். மனைவி ஒருநாள் தன் தலையைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் இன்னொரு பழைய படகு விலைக்கு வந்தது. படகுச் சொந்தக்காரர் துறைமுகத்தில் லாரி ஓட்டப் போய்விட்டார். அவர் மனைவிதான் காட்டினார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் பிளாஸ்டிக் கவரில் வாங்கி வந்த டீயைப் பின்பலகையின் மேல்வரிசை போல்ட்டில் மாட்டிவிட்டு, சுத்தியல் காம்பால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். எல்லா இடத்திலும் கெட்டிச் சத்தம். நம்பிக்கை வராமல் காதை வைத்துக் கேட்டேன்.

"இன்னாண்ணா, மூச்சு வுடுதா?" என்றார் அந்தம்மா.

கடைசியாகக் கீழ் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். போல்ட் தலையைச் சுற்றிப் பழுப்புத் தண்ணீர் சொட்டியது. என் போன படகும் இதே பழுப்பில்தான் அழுதது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தேன். உள்ளே எல்லாம் போச்சு, வா போகலாம் என்று மச்சானிடம் சொன்னேன். அதோடு விட்டேனா? இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்று அந்தம்மாவுக்கு ஒரு பிரசங்கமும் வைத்தேன். தன் வீட்டுக்காரர் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பசை வைத்து அடைத்தவர் என்று முகம் சிவக்கச் சொன்னவர், குனிந்து விரலால் தொட்டார்.

"தண்ணி சூடா கீதே." மோந்தும் பார்த்தார். "அழுவுன கட்டைல இஞ்சி வாசன வருமாண்ணா?"

மூன்று பேரும் மேலே பார்த்தோம். போல்ட் முனை குத்தி என் டீ கவர் பாதியாகியிருந்தது. காவிப் பெயிண்டில் டீ வழிந்த கோடு கண்ணுக்கே தெரியவில்லை.

மச்சான் சிரிக்கவில்லை. துடைத்துவிட்டு, போல்ட்டை முழுசாகக் கழற்றி, ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுரண்டினான். வந்த மரத்தூள் வெளுப்பாக, மொறமொறவென்று, பொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது. பிறகு இஞ்சின் மாட்டும் இடத்தில் ஏறித் தொங்கி, உடம்பையே போட்டு ஆட்டினான். பலகை அசையவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்தம்மாவிடம் பிரசங்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னேன். அதற்குத் தனியாக ஒரு டீ வாங்கித் தர வேண்டும் என்றார்.

திரும்பிப் பார்த்தால் மச்சான் படகுக்குள் கால் வைத்து, குறுக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான்.

"காலைல எத்தினி மணிக்கு வரணும்?" என்றான். பிறகு, "டீய கரையிலயே குட்ச்சிட்டு வந்துரு மாமா."

கவரில் மீதமிருந்ததை அங்கேயே உறிஞ்சினேன். ஆறிப்போயிருந்தது. நன்றாகத்தான் இருந்தது.