சீட்டில் வந்த பாதி வசனம்

புதுக்கோட்டையில் எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு பித்தளைத் தட்டைக் கொண்டுவருவார்கள். காணிக்கைத் தட்டு அல்ல. அதில் சின்னதாகச் சுருட்டிய காகிதச் சீட்டுகள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம் இருக்கும். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்குத்தத்தம் அது. பரீட்சை எழுதப்போகிற பிள்ளைக்கு ஞானத்தைப் பற்றி வசனம் வந்தால் வீடே பூரித்துப்போகும். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு ‘பொறுமையாயிரு’ என்று வந்தால் அவள் அம்மா முகம் சுண்டிவிடும். வருஷம் முழுக்க என்ன நடந்தாலும் அதைச் சீட்டோடு பொருத்திப் பார்ப்பதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

1964 புத்தாண்டில் எனக்கு வந்த சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். உன்னைப் படைத்தவரே உனக்குப் புருஷன் என்ற கருத்தில் ஒரே ஒரு வரி. பழைய தீர்க்கதரிசி ஒருவர் சொன்னது.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. திருக்கோகர்ணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் ரங்கூனில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தார். பர்மாவில் பட்டாளத்து ஆட்சி வந்ததிலிருந்தே கடிதம் தட்டுத்தடுமாறித்தான் வந்துகொண்டிருந்தது. அதுவும் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் எழுதுவது போய்ச் சேருகிறதா என்பதும் தெரியாது. இந்த நிலைமையில், இனி ஆண்டவரே உனக்குப் புருஷன் என்று சீட்டு வந்தால் ஒரு பெண் என்ன நினைப்பாள்?

நான் நினைத்ததையே பெண்கள் சங்கத் தலைவியும் நினைத்தார். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, மனசத் தளரவிடாத. வரப்போறதுக்கு ஆண்டவரு ஒன்னய முன்கூட்டியே ஆயத்தப்படுத்துறாரு” என்றார்.

நல்ல மனுஷிதான். ஆனால் அன்றைக்கு அவர் வாயை அடைக்க ஒரு கொழுக்கட்டை கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே மாமியார் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்று முழங்கால் வலியால் ஆராதனைக்கும் வரவில்லை.

“என்ன வசனம் ஆத்தா வந்துச்சு?”

“தூரமாப் போனவங்களத் திரும்பக் கூட்டியாந்து சேர்ப்பேன்னு வந்துருக்கு, அத்தை.”

பிறந்ததிலிருந்து வேதத்தின் பேரில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். மாமியார் சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடமே கொடுத்தார். நான் அதைக் கொண்டுபோய் துணிப்பெட்டியின் அடியில் போட்டேன்.

எங்கள் வீட்டில் வேதம் இல்லையா? இருந்தது. எடுத்து அந்த அதிகாரத்தை முழுசாகப் படித்திருக்கலாம். பாதிப் பாடத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுதாதே என்று பிள்ளைகள் காதைத் திருகுகிறவள் நான். ஆனாலும் திறக்கத் தைரியம் வரவில்லை. அந்த அதிகாரத்தில் எங்கேயோ விதவை என்ற சொல் வரும் என்று ஞாயிறு பள்ளியில் படித்த ஞாபகம். அதைக் கண்ணால் பார்க்க நான் தயாராக இல்லை.

மார்ச் மாதத்தில் ரங்கூனில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதாகப் பேப்பரில் வந்தது. பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து போனவர்கள் சிலர் கப்பலேறி வரத் தொடங்கினார்கள். அவர்களில் இரண்டு பேரைத் தேடிப்போய் விசாரித்தேன். ஒருவருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது. இன்னொருவர், “அந்த மரக்கடை ஆளுகளா? அவுகளப் பத்தி ஒண்ணும் தெரியலைங்களே” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். அவர் ஏன் குனிந்தார் என்பதையே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சபையில் மெதுவாக என்னை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். அரிமளத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்குக் கட்டும் புடவைத் தட்டை சுமங்கலிகள் கைமாற்றிக் கொண்டுபோவது வழக்கம். என் கை நீட்டியிருக்க, தட்டு என்னைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போனது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று இப்போது சொல்லலாம். அப்போது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று, ஆண்டவரிடம் நேராகவே கேட்டேன். “நீர் எனக்கு ஆண்டவராக இருந்தால் போதும். புருஷனுக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார். அவரை அனுப்பிவையும்.” பக்தியாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். சண்டை போட்டேன்.

ஆகஸ்டில் தந்தி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் தந்தி என்றால் பிரிப்பதற்கு முன்பே ஒப்பாரி வைப்பார்கள். நான் உறையைக் கிழிக்காமலே நின்றேன். தலைமை ஆசிரியர்தான் வாங்கிப் பிரித்தார். சத்தமாகப் படித்தார். இவர் சென்னை வந்து சேர்ந்துவிட்டார், நாளைக்குப் புறப்படுகிறார். எனக்குக் காது கேட்டது, மண்டையில் ஏறவில்லை. இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். டீச்சர் அழுகிறாள் என்று மூன்றாம் வகுப்பு முழுவதும் அழுதது. நான் சிரிக்கவும் அதுகளும் சிரித்தன. ஏழு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போனதை உடம்பால் உணர்ந்தேன். ஒரு மாதிரி லேசாகத் தலை சுற்றியது.

மூன்றாம் நாள் காலை ரயிலிலிருந்து இறங்கினார். பாதி ஆளாக இருந்தார். கையில் ஒரு துணிமூட்டை மட்டும். என்னைப் பார்த்து முதலில் சொன்னது, “ரொம்பப் பசிக்குது.” அதைவிட நல்ல வசனத்தை நான் அதுவரை கேட்டதில்லை. வீட்டில் மாமியார் மகனைக் கட்டிக்கொண்டு, “அந்தச் சீட்டுல சொன்னபடியே நடந்துருச்சு பாரு!” என்று ஊருக்கே கேட்கும்படி அழுதார். நான் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பெண்கள் சங்கத் தலைவி ஓடி வந்தார்.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல தங்கச்சி? படைச்சவரே பொறுப்பெடுத்துக்கிட்டாருன்னா, ஒன் புருஷன் வந்துருவாருன்னுதானே அர்த்தம்!”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவர் உயிரோடு பக்கத்தில் நிற்கும்போது யார் எப்படி அர்த்தம் சொன்னால் எனக்கென்ன? ஆனாலும் சீட்டுகளை எழுதிய எங்கள் சபை உபதேசியாரை மட்டும் விடவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் எப்படிப் பொறுக்கினீர்கள் என்று கேட்டேன்.

“அடுத்த வரியும் எழுதணும்னுதாம்மா இருந்தேன். தாளு பத்தல. எல்லாத்துக்கும் பாதிப் பாதியா எழுதிட்டேன்” என்றார் பாவம்.

அன்றுதான் வேதத்தில் அந்த அதிகாரத்தைத் திறந்தேன். சொந்த நாட்டை இழந்து அந்நிய தேசத்துக்குச் சிறையாகப் போன ஜனங்களைப் பார்த்து அந்தத் தீர்க்கதரிசி பேசுகிறார். விதவை என்ற சொல் இருந்தது. அந்த நிந்தை இனி இல்லை என்பதற்காக இருந்தது. இரண்டு வசனம் தள்ளி, கொஞ்ச நேரம் கைவிட்டேன், இரக்கத்தோடு மறுபடியும் சேர்த்துக்கொள்வேன் என்கிறார் ஆண்டவர். கிட்டத்தட்ட மாமியாரிடம் நான் அளந்துவிட்ட பொய்தான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு யோசித்தேன். இவர் வராமலே போயிருந்தாலும் அந்தச் சீட்டு அச்சாகப் பொருந்தியிருக்கும். தலைவி அப்போதும் ‘அன்னைக்கே சொன்னேன்ல’ என்றுதான் சொல்லியிருப்பார். எல்லாம் நடந்து முடிந்த பிறகு தீர்க்கதரிசனத்தைப் போலத் தெளிவானது எதுவும் இல்லை. ஆண்டவரோடு கூடவே நடந்து திரிந்த சீஷர்களுக்கே காரியம் முடிந்த பிறகுதான் விளங்கியது. மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஜனவரி மாதமே விளங்கிவிடுமா என்ன. இப்படி நினைத்ததும் மனது சமாதானமாயிற்று. வருகிற வருஷம் என்ன சீட்டு வந்தாலும் பயப்பட வேண்டியதில்லை என்று தோன்றியது.

மத்தியானம் சாப்பிடும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீட்டு, பொய், கல்யாணத் தட்டு, ஆண்டவரோடு சண்டை, ஒன்றையும் மறைக்கவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப, நான் செத்துட்டேன்னே நெனச்சுட்டியா?”

“ஆமாங்க” என்றேன்.

“எப்பருந்து?”

“புதுவருஷத்துலருந்து.”

அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“நான் போட்டதுதான் ஒனக்கு வரல போல. ஒன் கடுதாசி ரெண்டு எனக்கு வந்துச்சு. மாசி மாசம் எழுதுனதுல, வரும்போது மறக்காம நல்ல குடையா ஒண்ணு வாங்கிட்டு வாங்கன்னு எழுதிருந்தியே. செத்தவன்கிட்டயா குடை கேட்ட?”

எழுதியது எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் எழுதியிருப்பேன், பழைய குடைக்குக் கம்பி ஒடிந்திருந்தது. சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“வாங்கத்தான் செஞ்சேன். கப்பலேறும்போது புடுங்கிக்கிட்டானுக” என்றார் அவர், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு இலையைக் காட்டிக்கொண்டே.