கோடு போட்ட பாட்டில்

எங்கள் தெருவில் தையல்நாயகி அக்காவின் சந்தேகத்துக்குத் தப்பியவர் யாருமில்லை. பால்காரர் கண்ணெதிரே கறந்து ஊற்றினாலும் விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரி நான் கறிவேப்பிலை கேட்டுப் போனால்கூட விசாரணை உண்டு. கணவர் துரைராசு சிங்கப்பூரில் இருக்கிறார். ஊருக்கு வந்தால் அவருடைய பெட்டியையும் அக்காதான் முதலில் திறப்பார்.

அக்கா முழுசாக நம்பியது தோப்பில் வைத்திருந்த எட்டுத் தேனீப் பெட்டிகளை. பட்டுக்கோட்டையிலிருந்து ஒரே ஒரு பெட்டி வாங்கிவந்து, நாலு வருடத்தில் கூடு பிரித்துப் பிரித்து எட்டாக்கியிருந்தார். எறும்பு ஏறாமலிருக்க பெட்டிகளின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பார். வீட்டில் சோறு வடிக்க மறந்தாலும் அந்தத் தண்ணீரை மாற்ற மறக்கமாட்டார்.

தோப்பை ஒட்டிய நிலம் துரைராசுவின் தம்பி கலியபெருமாளுடையது. இந்த மாசியில் அங்கே எள் பூத்தது. பூத்த பயிரில் மருந்தடிக்காதீர்கள், அடித்தே ஆகவேண்டுமானால் தேனீ கூடடைந்த பிறகு சாயங்காலம் அடியுங்கள் என்று அக்கா கேட்டுக்கொண்டார். அவரும் சரி என்றார். அக்கா நம்புவாரா? மருந்து பாட்டிலையே தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னார். கலியபெருமாள் சிரித்தபடி கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதை டிரங்குப் பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பங்குனியில் தேனீக்கள் சாகத் தொடங்கின. பெட்டி வாசலில் கிறுகிறுவென்று சுற்றி, நாக்கை நீட்டிக்கொண்டு விழுந்தன. இரண்டே வாரத்தில் ஐந்து பெட்டி காலி. அக்கா அழுததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அழுகை அடங்கியதும் சந்தேகம் கிளம்பியது. கொழுந்தனார் வேறு பாட்டில் வாங்கியிருப்பார் என்று முடிவே கட்டிவிட்டார். அவருடைய கொட்டகைக்குள் புகுந்து ஸ்பிரேயரை முகர்ந்து பார்த்தார். தெருக்குழாயில் நாலு பேர் முன்னால், இனி அந்த வீட்டில் கைநனைக்க மாட்டேன் என்றார்.

“நான் அடிக்கலைங்க அண்ணி. எள்ளுல பாதிய புழு தின்னுடுச்சு, வந்து பாருங்க,” என்றார் கலியபெருமாள்.

அக்கா போய்ப் பார்த்தார். இலைகள் சல்லடையாகக் கிடந்தன. அதுவும் நாடகம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் காலை என்னைச் சாட்சிக்கு அழைத்துப் போனார். மிஞ்சியிருந்த மூன்று பெட்டிகளின் வாசலிலும் பச்சரிசி மாவைத் துணியில் கட்டித் தட்டினார். வெளியே வந்த தேனீயெல்லாம் வெள்ளையாகப் பறந்தன. இனி அவை கொழுந்தனார் வயலில் இறங்குவதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான். எள் வரப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வந்தது இரண்டோ மூன்றோ. தேனீக்களும் கலியபெருமாளோடு சேர்ந்துகொண்டனவோ என்று அக்கா ஒரு பார்வை பார்த்தார்.

கால் கழுவ அக்கா வீட்டுக் கொல்லைக்கு வந்தோம். முருங்கை மரம் பூத்துத் தள்ளியிருந்தது. பூவெல்லாம் வெள்ளைத் தேனீ. கீழே, அக்கா தினமும் பெருக்கித் தள்ளும் பூக்குவியலுக்குள் செத்த தேனீக்கள் கிடந்தன.

குனிந்து ஒன்றைக் குச்சியால் புரட்டிப் பார்த்தேன். “அக்கா, இந்த மரத்துக்கு ஏதாச்சும் அடிச்சீங்களா?”

“கம்பளிப்பூச்சிக்குத்தான்,” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்ததுபோல இருந்தது.

மற்ற வருடங்களில் அடிமரத்தில் அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சியைப் பந்தம் கொளுத்திப் பொசுக்குவார். இந்த வருடம் தோள்வலி. பூட்டிவைத்த பாட்டிலிலிருந்து வாரம் இரண்டு மூடி ஊற்றிக் கலந்து அடித்திருக்கிறார். மருந்து என்றால் வயலுக்கு அடிப்பது, அதுவும் அடுத்தவர் அடிப்பது என்றே அவர் மனதில் பதிந்திருந்தது. வீட்டு மரத்தை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்துவந்தார். வெளிச்சத்தில்தான் கவனித்தோம். லேபிளின் ஓரத்தில் நீலப் பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் கலியபெருமாளின் கையெழுத்தில் தேதி. கொடுத்த அன்று மருந்து நின்ற மட்டம் அது. இப்போது நாலு விரல் கீழே கிடந்தது. அவரும் அக்காவை நம்பவில்லை.

பக்கத்தில் குடத்தில் தண்ணீர் இருந்தது. கோடு வரைக்கும் ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. அக்காவின் கண் குடத்துக்குப் போனதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அக்கா அரிவாளை எடுத்து முருங்கையில் பூவும் பிஞ்சுமாக இருந்த கிளைகளை ஒன்று விடாமல் கழித்தார். பிறகு பாட்டிலோடு கொழுந்தனார் வீட்டுக்குப் போய், அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னார். அவர் கோட்டைப் பார்த்தார், மட்டத்தைப் பார்த்தார்.

“இத நீங்களே பூட்டி வைங்க தம்பி,” என்றார் அக்கா. “நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க.”