மெயினைப் பிடுங்கியும் பேசிய மெஷின்

போன வருஷம் கத்திரி வெயில் நேரத்தில், இலுப்பூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர முடியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கிணறு வெட்டும் கூலி ஆளாய்ப் போய், அறுபதடி ஆழத்தில் பாறைக்கு வேட்டு வைத்து, இன்றைக்கு சொந்தமாய் இரண்டு போர்வெல் லாரி வைத்திருக்கிறேன். வைத்த வேட்டு வெடிக்காமல் நின்றுபோனால், உள்ளே இறங்கிப் பார்க்க ஒருத்தன் வேண்டும். குடுமியான்மலையிலிருந்து விராலிமலை வரைக்கும் அந்த ஒருத்தன் நான்தான். சும்மா சொல்லவில்லை, வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

எனக்கு ஒரே மகள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு வந்து, ஆறு மாசமாய் வீட்டு உள்ரூமில் உட்கார்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் முடிகிற சின்ன விளையாட்டு, ஆளைப் பயமுறுத்துகிற விளையாட்டு. ஆனால் அதில் பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. ஏஐ என்கிறார்களே, தானாக யோசிக்கிற மெஷின், அதுதான் இருக்கிறது. அதைக் கண்காணிக்கிற உத்தியோகம் நமக்கு. அது ஒவ்வொன்றாய்ச் சொல்லும். நிஜமா பொய்யா என்று கேமராவில் பார்த்து, நிஜம் என்றால் பச்சை, பொய் என்றால் சிவப்பு அமுக்க வேண்டும்.

எனக்கு இது பிடிக்கவே இல்லை. "மக என்ன பண்ணுதுங்க?" என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பழைய கம்பெனியோ திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இவள் என்னடாவென்றால், சின்ன விளையாட்டுகளை வாங்கி உலகம் பூராவும் விடுகிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் இதை அனுப்பியாக வேண்டும் என்று நின்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். "கம்ப்யூட்டரே தொடாத ஒரு ஆளு வெளையாடிப் பாக்கணும்ப்பா. அவுங்களுக்கும் பயம் வருதான்னு தெரிஞ்சாத்தான் அனுப்புவேன்."

விடுவேனா? "என்னைய ஒக்கார வையி. நான் பயந்துட்டா நீ இதையே செய்யி, இனிமே வாயத் தொறக்க மாட்டேன். பயப்படலைன்னா திங்கக்கெழம கம்பெனிக்குப் போயிரணும். பந்தயம்!" என்றேன்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் வீட்டம்மா சிரித்துவிட்டாள். "பந்தயம் கட்டுற ஆளப் பாரு. தோள்ல பல்லி விழுந்தா பஞ்சாங்கத்தத் தேடுற மனுசன்!"

மகள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றாள்.

ஜன்னலில் ஒரு கருநீலச் சேலையைக் கட்டி அறையை இருட்டாக்கினாள். லேப்டாப் முன்னால் என்னை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, மவுஸை எப்படி நகர்த்தினால் எந்தப் பக்கம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொடுத்தாள். ஆள் தனியாகத்தான் விளையாட வேண்டுமாம். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதல் பத்து நிமிஷம் எனக்கு ஒரே சந்தோஷம். பூமிக்கு அடியில் ஒரு அறை, எதிரே நாலு கேமரா, எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். ஆண் குரலும் இல்லாமல் பெண் குரலும் இல்லாமல் ஒரு குரல், "மூன்றாம் அறையில் விளக்கு எரிகிறது, ஐயா" என்கிறது. பார்த்தேன், எரிகிறது, பச்சை. "தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, ஐயா." பார்த்தேன், காலித் தொட்டி. அட திருட்டுப் பயலே! சிவப்பு. சைட்டில் ஆட்களை மேய்த்து நான் காலமெல்லாம் பார்த்த வேலைதானே இது. நம்மிடமா கதை விடுகிறாய் என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

அப்புறம் கொஞ்ச நேரம் அது பேசவில்லை. சொட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது. மெதுவாக ஆரம்பித்தது. "உங்கள் அறையில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஐயா."

நிஜமா பொய்யா? பின்னால் பார்த்தால்தானே தெரியும். மவுஸை நகர்த்த வேண்டும் என்பது மறந்தே போச்சு. நான் என் கழுத்தையே திருப்பிப் பார்த்தேன். இருட்டில் வெள்ளையாய் ஒன்று ஆடுகிறது. ஆணியில் மாட்டியிருந்த என் சட்டைதான், ஃபேன் காற்றுக்கு ஆடுகிறது. அது புத்திக்கு ஏறுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. "ஏய்! யாரடா பாக்குற?" என்று கத்தினேன்.

"உங்களைத்தான், ஐயா" என்றது.

அது நான் கேட்டதற்குச் சொன்ன பதில் இல்லை, அதற்கு அடுத்து வர வேண்டிய வரியே அதுதான் என்பது இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாதே!

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மெஷின் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் கரண்டைக் கட் பண்ண வேண்டும். எழுந்து ஓடினேன். ஹெட்போன் வயர் காலில் சிக்கிப் பிடுங்கிக்கொண்டது. வாசல் பக்கம் போய் வீட்டு மெயினையே கீழே இழுத்துவிட்டேன். ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது. தொலைந்தது சனியன் என்று, செத்துவிட்டதா எனப் பார்க்க உள்ளே வந்தேன்.

வீடே அணைந்து கிடக்கிறது, அது மட்டும் நீலமாய் எரிந்துகொண்டிருக்கிறது. லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஹெட்போன் கழன்றுவிட்டதால் இப்போது குரல் அறை முழுக்கக் கேட்டது. "எங்கே போனீர்கள், ஐயா? நான் இங்கேயேதான் இருக்கிறேன்."

"ஆத்தாடி!" என்று வெளியே பாய்ந்து, கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டு, அது திறந்துகொண்டு வந்துவிடாதபடி முதுகை முட்டுக் கொடுத்து நின்றேன்.

வீட்டம்மா வந்தாள். "எதுக்கு மெயினைப் புடுங்குனீங்க?"

"ஃபியூஸ் போச்சான்னு பாத்தேன்."

"ஃபியூஸ் போச்சா, ஒங்களுக்குப் போச்சா? சட்டையப் பிழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வரும் போலருக்கு!"

மகள் திரும்பி வருவதற்குள் மெயினைப் போட்டு, சட்டையை மாற்றி, பேப்பரை விரித்து உட்கார்ந்துகொண்டேன். வந்ததும் ஆசையாய்க் கேட்டாள், "எப்புடிப்பா இருந்துச்சு?"

அந்த இடத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன். "சின்னப்புள்ள வெளையாட்டு. கொட்டாவிதான் வந்துச்சு. பாதியில எந்திரிச்சிட்டேன்" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனது. சாயங்காலம் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். விளையாட்டை அனுப்பவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பஸ் ஏறப் போகும்போது, லாரியைப் பார்க்கிற சாக்கில் கொல்லைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன். அவளை அனுப்பிவிட்டு வந்த வீட்டம்மா, இடுப்பில் கை வைத்து என் முன்னால் நின்றாள். "புள்ள என்ன சொல்லிட்டுப் போகுது தெரியுமா? 'கம்ப்யூட்டர் தொடாத எங்கப்பாவையே பயமுறுத்த முடியலைன்னா, நான் செஞ்சதுல ஒண்ணுமே இல்லம்மா. எல்லாத்தையும் அழிச்சிரப் போறேன்'னு சொல்லுது."

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைக்கும். பயந்தது யாரு, நானா? போங்க, ஒங்க வாயால சொல்லுங்க!"

வண்டியை எடுத்தேன். விராலிமலை ஸ்டாப்பில் இறங்கி, திருச்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். பூக்காரம்மா, டீக்கடை, ஏகப்பட்ட சனம். வண்டியை நிறுத்தியதும் மூச்சு வாங்கச் சொன்னேன். "யாத்தா, நான் பயந்துட்டேன்."

அவள் நம்பவில்லை! "சமாதானத்துக்குச் சொல்லாதீங்கப்பா. எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல" என்கிறாள். ஊரெல்லாம் தைரியசாலி என்று சொல்லித் திரிந்தவன் பயந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? வேறு வழியில்லை. சட்டை ஆடியது, மெயினைப் பிடுங்கியது, தாழ்ப்பாள் போட்டது எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னேன். பூக்காரம்மா குறுக்கே வந்தது. "ஏங்கய்யா, வீட்டுல பேய் இருந்தா பூசாரியக் கூப்புடுங்க. புள்ளைய ஏன் வழி மறிக்கிறீங்க?" டீக்கடையில் நின்ற ஒரு ஆள் என்னிடம் முன்பு வேலை பார்த்தவன். கிளாஸைக் கையில் பிடித்தபடியே, "நம்ம மொதலாளியா? கதவத் தாப்பாப் போட்டாரா?" என்று வாயைப் பிளந்தான். என் பெயர் அங்கேயே போச்சு.

நான் விடவில்லை. "கரண்டு போனப்பறமும் 'எங்கே போனீர்கள், ஐயா'ன்னு கேட்டுச்சுத்தா!" என்றேன்.

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். "அந்த வரி, வெளையாடுறவுங்க மவுஸ அப்புடியே போட்டுட்டு எந்திரிச்சு ஓடுனாத்தான் வரும். நான் யாருகிட்டயும் சொல்லலையே." என்னையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். பெட்டி மேலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், ரோட்டோரம் மேய்ந்த மயில்கூட விலகி ஓடியது. அதற்குள் திருச்சி பஸ் வந்து நின்றது. "ஏறுறீங்களா இல்லையா?" என்று கண்டக்டர் அதட்டினார். "ஏறலைண்ணே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்குச் சாயங்காலமே அனுப்பிவிட்டாள். அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். எந்தெந்த நாட்டுக்காரனோ அதை விளையாடிவிட்டு, பயமாக இருக்கிறது என்று எழுதுகிறான். அவள் எனக்குப் படித்துக் காட்டுவாள். அத்தனை பேருக்கும் முன்னால் பயந்தவன் நான்தானே, அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்போது அடுத்த விளையாட்டு தயாராகிக்கொண்டிருக்கிறது. அதற்கும் முதல் ஆள் நானேதான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் தைரியசாலி என்று ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டபோதெல்லாம் பேசாமல் இருந்த என் மகள், பயந்துவிட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னதற்குத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.