அப்பாவை எழுப்பாத டிரம்ஸ்

பதினோரு வயதில் எனக்கு டிரம்ஸ் பைத்தியம் பிடித்தது. பிடித்த வீடுதான் சரியில்லை. அப்பா போர்ட் கிள்ளானில் இரவெல்லாம் கண்டெய்னர் லோரி ஓட்டிவிட்டு வந்து, பண்டமாரானில் எங்கள் பலகை வீட்டு ஹாலில், காற்றாடிக்குக் கீழே பகலெல்லாம் தூங்குவார். நான் பிஸ்கட் டின்னைத் தட்டினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். திட்டமாட்டார், திட்டுவதற்கு அம்மா இருந்தாள்.

வழி சொன்னவர் அம்மாவின் தம்பி, பிரிக்பீல்ட்ஸில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த என் மாமா. ஹெட்போனில் மட்டும் கேட்கிற டிரம்ஸை நாமே செய்யலாம் என்றார். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க வராத சின்ன கீபோர்டு ஒன்று அவரிடம் கிடந்தது. அதில் டிரம் ஓசைக்கென்று நான்கு பொத்தான்கள். அவற்றிலிருந்து வயரை வெளியே இழுத்து, நான் குச்சியால் அடிக்கிற தட்டுகளில் சேர்த்தால் போதும். தட்டுகளை எதில் செய்வது என்பதுதான் கேள்வி.

முதலில் பலகையில் காலிங் பெல் சுவிட்சைப் பொருத்தினோம். முதல் அடிக்கே 'டக்' என்றது. அப்பா எழுந்துவிட்டார். அடுத்த வாரம் மாமா யோசனைப்படி இரண்டு தகரத் துண்டுகள், நடுவே ஓட்டை போட்ட ஸ்பாஞ்சு. அடித்தால் தகரங்கள் தொட்டுக்கொள்ளும், ஹெட்போனில் ஓசை வரும். மேலே லோரிச் சக்கரத்தின் மட்கார்டு ரப்பர். ஓசை அருமை. ஆனால் பலகைத் தரை அதிர்ந்தது. அப்பா மறுபடியும் எழுந்தார்.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கடைசியா ஒரே ஒரு தடவ. ஏதாவது ஒரு பாட்ட முழுசா அடி. அவரு எழுந்திரிக்கலன்னா வச்சிக்கோ. எழுந்தாரு, எல்லாத்தையும் பழைய பேப்பர் லோரியில தூக்கிப் போட்டுருவேன். தூக்கம் கெட்டு லோரி ஓட்டுறதுன்னா சும்மாவா?"

மாமா கடையிலிருந்து விதவிதமான ரப்பர்களைக் கொண்டுவந்தார். எதுவுமே எனக்குத் திருப்தி இல்லை. வீடு முழுக்கச் சுற்றி, கண்ணில் பட்டதையெல்லாம் விரலால் அமுக்கிப் பார்த்தேன். வாசலில் கிடந்த ரப்பர் செருப்பை, அதாவது ஜப்பான் சிலிப்பரைத் தட்டியதும் குச்சி துள்ளி எழுந்தது, சத்தமே இல்லை. இரண்டு ஜோடியைத் தூக்கி வந்து வாரை அறுத்தேன். மாமா பதறிப்போனார்.

"செருப்புமேலயா அடிப்ப? சாமி கண்ணக் குத்தும்லா."

"குத்தட்டும் மாமா. அப்பா கண்ணு தொறக்காம இருந்தா போதும்."

தகரத்தின்மேல் மட்கார்டு ரப்பருக்குப் பதிலாக மூன்று சிலிப்பர் கைக்கு, ஒன்று காலுக்கு. அடியில் பழைய மெத்தையைக் கிழித்து விரித்தோம்.

சனிக்கிழமை மதியம். அப்பா தூங்குகிறார். அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் நிற்கிறாள், மாமா என் பக்கத்தில். ஹால் மூலையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எனக்கு மனப்பாடமான ஒரு சினிமாப் பாட்டை மனத்துக்குள் ஓடவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். பாதியில் குச்சி வழுக்கிக் கீபோர்டின் விளிம்பில் பட்டது. அப்பா புரண்டு படுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனாலும் கையை நிறுத்தவில்லை. சரணம் வந்தது, எனக்கு வெறி ஏறியது, கடைசி உருட்டலை உருட்டி முடித்தேன்.

அப்பா எழவில்லை. ஜெயித்துவிட்டேன்! அந்த வயதில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. மாமா என்னை அலாக்காகத் தூக்கினார். அம்மா மட்டும் அப்பாவைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். என் வாசிப்பில் மயங்கிவிட்டாள் என்று முடிவுகட்டினேன்.

ஒன்றை நானும் கவனித்திருந்தேன். பாட்டு முழுக்க, நான் காலால் மிதிக்கும்போதெல்லாம் போர்வைக்கு வெளியே அப்பாவின் வலது பாதமும் தப்பாமல் கூடவே மிதித்தது. நான் நிறுத்தியதும் நின்றது. பாவம் அப்பா, தூக்கத்தில்கூட லோரிக்குப் பிரேக் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.