விசிலடித்த ஆமை

அடையாறில் ஒரு மிருக வைத்தியரின் கிளினிக்கில் அவரைப் பார்த்தேன். என் நாய்க்குக் காதில் புண். எனக்கு, யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சிரிக்கவைத்தே தீரவேண்டும் என்கிற வியாதி.

அவர் தி.நகர் ஜவுளிக்கடைச் சீருடையில் இருந்தார். மடியில் மூடியில் துளையிட்ட பெரிய டிபன் பாக்ஸ். உள்ளே ஒரு ஆமைக்குஞ்சு. அதற்குப் போர்த்தும் கைக்குட்டையைப் பட்டுப்புடவை மாதிரி விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

"என்ன சார், ரேஸுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "சளி சார். மூக்குல நுரை வருது, வாயத் தொறந்துதான் மூச்சு விடறான்."

அவர் செல்போன் அடித்தது. குருவி கூப்பிடுவதுபோல் மெல்லிய விசில்.

"ரிங்டோன் பிரமாதம்" என்றேன்.

அழைப்பைத் துண்டித்தார். "இவன் குரல்தான் சார். போன வாரம் திடீர்னு விசிலடிச்சான். பாடுறான்னு வீடே கைதட்டுச்சு. பொண்ணு ரெக்கார்டு பண்ணி வெச்சுக் குடுத்தா. நேத்து டாக்டர் கேட்டுட்டு, அது மூச்சுக்குத் திணறுற சத்தம்னுட்டாரு."

நான் குனிந்து என் நாயின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். டிபன் பாக்ஸ் மூடியிருந்தது. கைக்குட்டை கையில் இருந்தது, நாலாக மடித்து.

"ஊசி போடறதுக்குள்ளயே போயிட்டான் சார்."

வாசல்வரை போனவரின் சட்டைப்பையில் மறுபடி அந்த விசில். அவர் போனை எடுக்கவில்லை. அவசரமாக டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்தார்.

நானும் எழுந்து எட்டிப் பார்த்தேன்.