மரண அறிவித்தலில் நான் எழுதாத பெயர்

என் மருமகன் ஒரிகனில் பிறந்து வளர்ந்த அமெரிக்கன். அவனுடைய பாட்டனின் பாட்டன் கனடாவின் கியூபெக்கிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டு, மாட்டுவண்டியில் மாதக்கணக்காக மேற்கே போய் அங்கே காணி பிடித்தவராம். அந்தப் பரம்பரையைத் தேடுவதுதான் மருமகனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. பழைய தேவாலயப் பதிவேடுகள் எல்லாம் பிரெஞ்சில் இருந்தன. துறைமுகக் கிடங்கில் முப்பது வருடம் மாரடித்ததில் எனக்குப் பிரெஞ்சு வாசிக்க வரும். ஆகவே மொன்ட்ரியால் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் வாசிக்க, அவன் எழுதுவான். எனக்கும் அது பிடித்துப்போயிற்று.

பதிவேட்டின்படி மேற்கே போன அந்தப் பாட்டனுக்கு ஏழு பிள்ளைகள். ஒரிகனில் எழுதி வைத்த குடும்பப் பட்டியலில் ஆறு பேர்தான். நடுவில் பிறந்த பெண்ணைக் காணவில்லை. வழியில் செத்தாளா, யாரையாவது கட்டிக்கொண்டு போனாளா என்று மருமகன் இரண்டு வருடமாகத் தேடுகிறான்.

"ஆயிரக்கணக்கான மைல் போன சனத்துக்கு ஒரு பேரை எழுத மட்டும் கை வரேல்லையோ?" என்று மகளிடம் பெரிய நீதிபதி மாதிரிக் கேட்டேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அவன் எங்கள் பக்கத்தையும் எழுதத் தொடங்கினான். எங்களிடம் ஏது பதிவேடு? இருப்பது மரண அறிவித்தல்தான். இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு சகோதரன், இன்னாரின் மைத்துனர் என்று ஒருவர் சாகும்போது சுற்றம் முழுவதும் அதில் வரிசையாக வந்துவிடும். மூன்று வருடத்துக்கு முன் காலமான என் அண்ணைக்கு நான் எழுதிக்கொடுத்த அறிவித்தலை மகள் எடுத்து வந்து, ஒவ்வொரு உறவாகக் கணவனுக்கு விளங்கப்படுத்தினாள்.

அதில் என் தங்கச்சி இல்லை. குறைந்த சாதி என்று நாங்கள் சொன்ன இடத்தில் அவள் விரும்பிக் கலியாணம் முடித்தாள். அன்றோடு அவளைத் தலைமுழுகினோம். அறிவித்தல் வந்த நாளில் அவள் தொலைபேசி எடுத்து, "செத்தவர் எனக்கு ஆர், அண்ணை?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதைப்போல ஒரு ஈனத்தனம் வேறு இல்லை.

"இவ்வளவு பேரும்தானே, அப்பா?" என்று மகள் கேட்டாள்.

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். அறிவித்தலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"உனக்கு ஒரு மாமி இருக்கிறா. என்ர தங்கச்சி."

"எங்க? ஊரிலயோ?"

"இல்லை. இஞ்சதான், மொன்ட்ரியால்-நோரில."

மகள் அதைக் கணவனுக்கு மொழிபெயர்க்கவில்லை.

"நான் பிறந்தது அவவுக்குத் தெரியுமோ?"

தெரியும். இவள் பிறந்து பத்தாம் நாள், கொட்டும் பனியில், ஒரு பை நிறையக் குழந்தை உடுப்போடு என் தங்கச்சி வாசலில் வந்து நின்றாள். நான் கதவைத் திறக்கவில்லை.