ஏனாம் என்றால் அப்பாவுக்கு ஆகாது

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஹைதராபாத்தில், அல்வாலில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. நான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். அங்கே டிராயிங் செக்‌ஷனில் இருந்த ஒருவரும் நானும் தினமும் ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் போய் வருவோம். அவருடைய குடும்பம் காரைக்கால் பக்கம். ஆனால் அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அரசாங்க குமாஸ்தாவாக ஏனாமுக்கு மாற்றலாகிப் போய், அங்கேயே தங்கிவிட்டவர்.

எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் வீட்டிலிருந்து தெரிந்தவர் மூலம் பெண் கேட்டபோது எனக்குள் சந்தோஷம்தான். ஜாதகம் பொருந்தியது. குலம், கோத்திரம் எதிலும் குறையில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டதும்தான் அப்பாவின் முகம் மாறியது.

“நக்கோ. வேற இடம் பார்க்கலாம்” என்றார். இருபது வருட ஹைதராபாத் வாசம். முடிவாக மறுக்கும்போது மட்டும் அப்பாவின் வாயில் அந்த ஊர்ப் பாஷை வந்துவிடும்.

காரணம் கேட்டால் ஏதேதோ சொன்னார். “அது என்ன ஊர்? ஆந்திராவுக்கு நடுவுல இருந்துண்டு பாண்டிச்சேரிங்கறான். பேசறது தெலுங்கு, வாங்கறது பிரெஞ்சு பென்ஷன். சாராயம் மலிவு. அங்க கல்யாணமே திருட்டுத்தனமா நடக்கும். இவனுக்கே ஒண்ணு ஆகியிருக்காதுன்னு என்ன நிச்சயம்?”

மறுநாள் பஸ்ஸில் அவரைப் பார்த்தபோது அவருடைய சிரிப்பில்கூட எதையோ மறைக்கிறாரோ என்று தோன்றியது. சந்தேகம் வந்துவிட்டால் நல்லவன் தும்மினாலும் கெட்ட சகுனம்தான்.

இதற்கிடையில் இன்னொரு செய்தி வந்தது. பையனின் அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறாராம். அவரால் பயணம் செய்ய முடியாததால், பெண்ணையும் அழைத்துக்கொண்டு நாங்களே வந்து பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டிருந்தார்கள். “பொண்ணைத் தூக்கிண்டு அவா ஆத்துக்குப் போறதா? இதென்ன புது வழக்கம்?” என்று அப்பா குதித்தார். கடைசியில் சொன்னார்: “மழைக்காலம் வேற. அந்தப் படித்துறையில சேறு முழங்கால் வரைக்கும் வாங்கும்.”

“நீங்க போயிருக்கேளாப்பா?” என்றேன்.

பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். “யாரோ சொன்னா.”

அன்றிலிருந்து என் சந்தேகம் பையனை விட்டுவிட்டு அப்பாவின் மேல் திரும்பியது. ஏனாம் பேச்சு எடுத்தாலே அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அப்பாவுக்கு அந்த ஊரில் ஒரு முதல் கல்யாணம் நடந்திருக்கிறது. அது அம்மாவுக்கும் தெரியும். வெளியே சொல்ல முடியாமல் இரண்டு பேரும் தவிக்கிறார்கள். தட்டில் சோறு போட்டால் எனக்கு இறங்கவில்லை. என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதரையே வேற்றாளைப் போலப் பார்த்தேன்.

பெண் கேட்டு வந்த அந்தத் தெரிந்தவர் விடாமல் நெருக்கியதால் ஒருவழியாக அப்பா கிளம்பச் சம்மதித்தார். அம்மா வர வேண்டாம், வீண் அலைச்சல் என்றார். ஸ்டேஷனுக்குப் போக ரிக்‌ஷா வந்து நின்றபோது, அம்மா பட்டுப்புடவை கட்டி, பையோடு அதில் உட்கார்ந்திருந்தாள். அப்பா தன் பெட்டியை எடுத்து அவள் காலடியில் வைத்தார். அப்பா சொன்னதை அம்மா மீறி நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

காகிநாடா வரை ரயில், அப்புறம் பஸ். ஏனாம் சின்ன ஊர். ஆற்றங்கரையில் ஒரு தேவாலயம், மரச்சட்டக் கதவு வைத்த பழைய வீடுகள், வெயிலில் காயும் மீன்வலைகள். சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு போனவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். யாராவது வந்து அப்பாவை அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று எனக்குப் பக்கென்றது. அப்பா தலை நிமிராமல் நடந்தார்.

லீவு போட்டு முன்னமே வந்திருந்த பையன் பக்கத்தில் நிற்க, அவருடைய அப்பா கட்டிலில் சாய்ந்தபடியே வரவேற்றார். கலகலப்பான மனிதர். ஊரைப் பற்றி எதையோ கேட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டுவிட்டார்.

“ஒரு காலத்துல கப்பலெல்லாம் வந்த துறை இது. மண்ணு மேடு தட்டி கப்பல் நின்னுபோச்சு. அப்புறம் கல்யாண கோஷ்டிதான் வந்தது! குழந்தைக் கல்யாணம் கூடாதுன்னு வெள்ளைக்காரன் சட்டம் போட்டான் இல்லையா, அது இந்தப் பிரெஞ்சு ஊர்ல செல்லாது. அதனால ராஜமுந்திரி, காகிநாடான்னு எங்கெங்கிருந்தோ பொண் குழந்தையைப் படகுல ஏத்திண்டு வருவா. தாலி கட்டினதும் சத்தமில்லாம கிளம்பிடுவா. தோள்ல தூங்கிண்டே வந்த கல்யாணப் பொண்ணையெல்லாம் நான் பார்த்திருக்கேன்” என்று சிரித்தார்.

“நான் தூங்கலை” என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். “நடந்துதான் வந்தேன். எட்டு வயசு. படித்துறையில சேத்துல கொலுசு ஒண்ணு போயிடுத்து. அதுக்கு அழுதேன். எல்லாரும் கல்யாணத்துக்கு அழறேன்னு நினைச்சுண்டா.”

அப்பாவைப் பார்த்தேன். நான் சந்தேகப்பட்ட முதல் கல்யாணம் நடந்தது வாஸ்தவம்தான். பெண் மட்டும் வேறு யாரும் இல்லை, என் அம்மாவேதான்.

அப்பா மேல்துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே பேசினார். “எனக்கும் பதினாறுதான். எங்கப்பா அப்போ ராஜமுந்திரியில ரயில்வேயில இருந்தார். விஷயம் தெரிஞ்சா வேலை போயிடும், யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கிண்டார். அவர் போயே பல வருஷமாச்சு. ஆனா வெளியில சொல்ல எனக்கு வெட்கமா இருந்தது. என் பொண்ணைப் படிக்க வச்சு வேலைக்கு அனுப்பினவன், எப்படிச் சொல்வேன்?”

“உங்களைக் குத்தம் சொல்லலை. உங்களையும்தான் யாரும் கேட்கலை” என்றாள் அம்மா. பிறகு, அத்தனை பேர் முன்னாலும் என்னிடம் திரும்பினாள். “இந்த ஊர்ல என்னை யாரும் கேட்கலைடி. அதனாலதான் பிடிவாதமா வந்தேன். இங்கேயே வச்சுக் கேக்கறேன். உனக்கு இவரைப் பிடிச்சிருக்கா?”

யோசித்துப் பார்த்தால், அதுவரை ஜாதகத்தைக் கேட்டார்கள், கோத்திரத்தைக் கேட்டார்கள். என்னை யாரும் கேட்டிருக்கவில்லை. “பிடிச்சிருக்கும்மா” என்றேன். கட்டிலில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா என் தலையில் கை வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன், “உனக்கு அன்னிக்கு அப்பாவைப் பிடிச்சிருந்ததாம்மா?”

அம்மா ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தபடி சிரித்தாள். “அவரை யாரு பார்த்தா? எனக்கு அந்தப் படகைத்தான் ரொம்பப் பிடிச்சிருந்தது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே பேத்திகள் வந்துவிட்ட இந்த வயதிலும், ஏதாவது கல்யாண வீட்டில் “பெண்ணுக்கு ரொம்ப சந்தோஷம்” என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை; அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எதற்குச் சந்தோஷம் என்று கேட்டுவிட்டுத்தான் அட்சதையைக் கையில் எடுக்கிறேன்.